பதினான்கு மீட்டர் கான்கிரீட்டும் இசக்கிமுத்துவின் கையும்

இசக்கிமுத்துவின் வேலை போனதற்குக் காரணம் அவருடைய கை அல்ல. என் கணக்கு! இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஓசூரில் தொழிற்சாலைகளுக்கு அடித்தளம் வரைந்து கொடுக்கும் பொறியாளன் நான். சூளகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், இரும்புப் பாகங்களைத் தேய்த்து அளவாக்கும் நீளமான கிரைண்டிங் மெஷினுக்கு அடித்தளம் கேட்டார்கள். பதினான்கு மீட்டர் நீளம், அரை மீட்டர் தடிமன்.

இடம் பார்க்கப் போன அன்று, தொழிற்சாலையை விரிவாக்க நிலத்தை விற்ற விவசாயி வேலியோரம் நின்றிருந்தார். நான் கேட்காமலேயே சொன்னார்.

"சார், இந்தாண்ட பூரா பாறை. அந்தாண்ட நாங்க கல்லு ஒடைச்ச குழி. மண்ண கொட்டி மூடிட்டோம். பாத்துக்குங்க."

தலையாட்டினேன். பிறகு மறந்தேனா? இல்லை... மறக்கவே இல்லை!

குட்டையான, தடித்த கான்கிரீட் என்றால் அது கட்டையைப் போல ஒன்றாகவே இறங்கும். கீழே அழுத்தம் சீராகப் பரவுகிறது என்று வைத்து எளிதாகக் கணக்குப் போட்டுவிடலாம். நீளம் கூடித் தடிமன் குறைந்தால் அது விறைப்பாக நிற்காது, வளையும். அப்போது மண்ணை வரிசையாக அடுக்கிய ஸ்பிரிங்குகளாகவும், கான்கிரீட்டை அவற்றின் மேல் கிடக்கும் உத்தரமாகவும் எண்ணிக் கணக்கிட வேண்டும். ஒரு முனையில் பாறை, மறுமுனையில் நிரப்பிய மண் என்றால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் தனித்தனி வலு கொடுக்க வேண்டும்.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் குழிப் பக்கம் சேறாக இருந்ததால் துளையிடும் வண்டி அங்கே போகவில்லை. மண் பரிசோதனை பாறைப் பக்கம் மட்டுமே நடந்திருந்தது. இன்னொரு முறை சோதிக்கச் சொன்னால் ஒரு வாரம் தள்ளிப்போகும். இத்தனை வருட அனுபவமுள்ளவனுக்கு இதுகூடவா சந்தேகம் என்பார்கள்... எளிய கணக்கையே போட்டுக் கையெழுத்திட்டேன்.

மெஷினைப் பொருத்திய நாளில் மட்டம் கச்சிதமாக இருந்தது. ஒரு மழைக்காலம் போனதும் பாகங்கள் ஒரு முனையில் சில மைக்ரான் பிசகி வரத் தொடங்கின. மெஷின் புதிது. அடித்தளம் புதிது. பழையவர் அதை ஓட்டிய இசக்கிமுத்து மட்டும்தான்! திருநெல்வேலியிலிருந்து வந்து ஒன்பது வருடம் அங்கே உழைத்தவர். கை தளர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

செய்தி கேட்டதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? பயம்கூட இல்லை, ஆர்வம்! கழிக்கப்பட்ட பாகங்களின் அளவுகளை வாங்கி வந்து, ஒரு ஞாயிறு மதியம், முதலிலேயே செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தேன். பாறைப் பக்கம் வலுவான ஸ்பிரிங்குகள். குழிப் பக்கம் எவ்வளவு கொடுப்பது? கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன், இன்னும் குறைத்தேன்... கணினித் திரையில் வளைவு மெல்ல இறங்கி, பாகங்கள் பிசகிய இடத்திலேயே வந்து படிந்தது.

"ஆகா!" என்று கத்திவிட்டேன். சந்தோஷத்தில்! இசக்கிமுத்துவின் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. நான் எப்படிப்பட்டவன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகாவது உண்மையைச் சொன்னேனா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெஷினின் மட்டத்தைத் திருத்துங்கள், பராமரிப்புக்கு நல்லது என்று நல்லவனைப் போல ஆலோசனை சொன்னேன். திருத்தினார்கள். பிசகு நின்றது. ஆள் மாறியதும் சரியாகிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என் ஆலோசனை அவர்மேல் பழியை உறுதியாக்கிவிட்டது!

போன மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்குப் புதிய கொட்டகை வேலையாகப் போயிருந்தேன். அங்கே கூடை இறக்கிக்கொண்டிருந்தவர் இசக்கிமுத்து. மெஷினைப் பொருத்தியபோது பார்த்த என்னை அடையாளம் கண்டு சிரித்தபடி வந்தார்.

"மெஷின் பக்கமே போறதில்ல சார். கை நமக்கு ஒத்துழைக்க மாட்டேங்கு" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "நான் வெளிய வந்தப்புறம் அங்க ரிஜெக்சன் நின்னுட்டா சார்?" என்று கேட்டார்.

இதோ, சொல்லிவிடலாம்... வாய்வரை வந்தது.

"நின்னுடுச்சு" என்றேன்.

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.