ரெக்கார்டில் இருந்த இன்னொருத்தி

என் கணவரைப் பார்ப்பதற்கு முன்பே அவர் குரலைக் கேட்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி துண்டு போட்டு விற்றதும் எங்கள் குடும்பம் மலேசியாவின் ஈப்போ நகரத்துக்கு வந்து, புந்தோங் பகுதியில் வாடகை வீடு பிடித்திருந்தது. அண்ணன் ஒரு எல்.பி. ரெக்கார்ட் வாங்கி வந்தார். ஈப்போ இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து நடத்திய ராக் பேண்டு. மின்சார கித்தார், டிரம்ஸ், தமிழ்ப் பாட்டு. அட்டைப் படத்தில் நாலு பேரும் முடி வளர்த்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தில் சாய்ந்து நின்றார்கள். பாடுகிறவர் இடது ஓரம்.

பிறகு அந்த இடது ஓரத்துக்காரர் வீட்டிலிருந்தே என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மின்சாரக் கம்பம் ஏறுகிற வேலை என்று அம்மா தயங்கினார். நான் தயங்கவில்லை. அந்த ரெக்கார்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டவள் நான். எங்கே மூச்சு வாங்குவார், எங்கே குரல் கரகரக்கும் என்பதெல்லாம் எனக்குப் பாடம்.

எண்பதுகளின் நடுவில் அதே ரெக்கார்ட் மறுபடியும் வந்தது. பேண்டு கலைந்து வெகு காலம் ஆகியிருந்தது. கோலாலம்பூரில் இருந்த கம்பெனி, பழைய டேப்புகளை ஒரு சின்ன வயசு ஒலிப்பதிவாளரிடம் கொடுத்திருக்கிறது. அவர் கித்தார், டிரம்ஸ், குரல் என்று தனித்தனியாக இருந்ததையெல்லாம் புதிதாகக் கலந்து கொடுத்திருக்கிறார். கணவர் வேலை முடிந்து வரும்போது அதைக் கொண்டுவந்தார். அதே பாலம், அதே நாலு பேர், நிறம் மட்டும் பளபளவென்று இருந்தது.

ஊசியை வைத்தார். முதல் பாட்டு பாதி போவதற்குள் மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன். அவர் குரலுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒரு நூல் முன்னால் போனாள். அவர் இழுக்கும்போது இழுத்தாள், நிறுத்தும்போது நிறுத்தினாள். எல்லாப் பாட்டிலும் இருந்தாள். இத்தனை வருஷம் நான் கேட்ட ரெக்கார்டில் அப்படி ஒருத்தி இல்லவே இல்லை.

யார் என்று கேட்டேன். யாரோ ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியாரின் மகள், அப்போது கூட வந்து பாடினாள் என்றார். பெயரை ஏன் அட்டையில் போடவில்லை என்றதற்கு, தெரியாது என்றார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. அரசாங்கப் பல் மருத்துவமனையில் நர்ஸ் வேலை எனக்கு. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த ரெக்கார்டைத்தான் போடுவேன். கடைசிப் பாட்டு தொடங்கும் முன் ஒரு சின்னச் சிரிப்பு கேட்கும். அவளுடையது. உடனே அவர் "சரி, சரி" என்பார். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். என்னிடம் அவர் அந்தக் குரலில் "சரி" என்று ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் வேறு, யார் இந்தப் பொண்ணு, என்ன குரல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் காப்பி கலக்க எழுந்து போய்விடுவேன்.

டிரம்ஸ் வாசித்தவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பழையவர்களைக் கூட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து வைத்தார். சிலிம் ரிவர் ஊர்ப் பக்கம் விசாரித்து அவளையும் கண்டுபிடித்துவிட்டார். இதைக் கேட்டதும் நான் கல்யாணப் பட்டை இஸ்திரி போட்டேன். மற்றவர்களின் மனைவிமார் சாதாரணச் சேலையில் வருவார்கள் என்று தெரிந்தும் கட்டினேன்.

அவள் ரயிலில் வந்திருந்தாள். தோட்டத்துப் பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையாம். புருஷன் லாரி ஓட்டுகிறாராம். குட்டையான உருவம், நைலான் சேலை, நெற்றியில் வேர்வை. அவள் அழகாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். என் கணவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். அதுவும் என்னை ஆற்றவில்லை.

கை கழுவுகிற இடத்தில் அவள் தனியாக நின்றபோது, அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"எந்தச் சிரிப்பு அக்கா? நான் இன்னும் அந்த ரெக்கார்ட கேக்கல லா. எங்க வீட்ல பிளேயர் இல்ல" என்றாள்.

இடத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

"அண்ணனுக்குச் சுதி நிக்காது அக்கா. நான் பக்கத்துல நின்னு பாடுவேன், அதப் பிடிச்சுக்கிட்டு அவர் வருவார். என் குரல அப்புறம் எடுத்துடுவோம்னு சொன்னாங்க. அன்னிக்கு அவர் சுதிய விட்டு எங்கியோ போயிட்டார், சிரிச்சிட்டேன்."

எனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்த குரலைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனவள் இவள். வேறு ஏதாவது சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

சாப்பாடு முடிந்ததும் பாடச் சொன்னார்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். என் கணவர் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. பாட்டு முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டு பாடினார்.

அவர் காடியை ஓட்ட, வீடு திரும்பும்போது அதைச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன்.

"பாக்கலைன்னா எனக்குப் பாட வராது" என்றார்.

அதனால்தான் பேண்டு கலைந்த பிறகு பாடவில்லை என்றும் சொன்னார். குடும்பத்துக்காக விட்டதாக நானே நினைத்துக்கொண்டு, அதை என் அக்காமாரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். ஒரு வாரம் அவரிடம் தேவைக்கு மட்டும் பேசினேன்.

பிறகு டிரம்ஸ்காரர் ஒரு செய்தியோடு வந்தார். கம்பெனிக்காரர்கள் புது ரெக்கார்ட் போடப் போகிறார்களாம். கோலாலம்பூர் பேண்டு ஒன்று வாசிக்கும், அந்தப் பெண் தனியாகப் பாடவேண்டும். எங்களைப் பற்றி எதுவும் கேட்கலையா என்றார் என் கணவர். இல்லை என்றார் அவர். அன்று மாலை கணவர் வெளியே போய்க் காடியைக் கழுவினார். சுத்தமாக இருந்த காடியை. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இத்தனை நாளாக என்னைத் தின்றுகொண்டிருந்தது அவருக்குள்ளும் போய்விட்டது என்று தெரிந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவருக்காக எனக்குக் கோபம்தான் வந்தது. பாலத்தில் நின்ற இந்த மனுஷனை எப்படி ஒரு வார்த்தை கேட்காமல் விட்டார்கள்?

மறு வருஷம் அவள் பாட்டு ரேடியோவில் வந்தது. காலை நேரம். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், அவர் பூட்சுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தொடங்கிய உடனே இருவருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் எழுந்து அணைக்கவில்லை. முடியும் வரை கேட்டோம்.

"கொஞ்சம் மூக்கால பாடுதுல்ல?" என்றார்.

"ஆமா, மூக்குதான்" என்றேன்.

அப்படியொன்றும் இல்லை. குரல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அவர் இன்னொரு தோசை கேட்டார், ஊற்றிப் போட்டேன்.