யோசெப்பினின் குடை

கண்ணாடி முன் கழுத்தைச் சரித்து, சுருள் சுருளாக எழும்பி நிற்கும் முடியை ஸ்ட்ரெயிட்னருக்குள் கொடுத்து இழுத்து நேராக்குவார் யோசெப்பின். லேசாகப் புகையும். ஞாயிற்றுக்கிழமை, பூசை தவறினாலும் இது தவறாது. வெயில் கொளுத்தும் ஜூலையிலும் கைப்பையில் குடை இருக்கும். "ஈரம் பட்டுதெண்டால் இந்தத் தலை என்னைக் காட்டிக் குடுத்திடும்" என்பார்.

காட்டிக் கொடுக்க அப்படி என்ன இருக்கிறது? அப்பா புத்தளத்துக் காப்பிரி. போர்த்துக்கேயர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர். அம்மா கிழக்கிலங்கையின் வாகரைக் கரையோர வேடர், அந்த மண்ணின் பூர்வகுடி. வீட்டில் பேசியது தமிழ். ஆனால் இப்போது வாழும் கனடாவின் மொன்றியலில் இரண்டு தமிழர் சந்தித்தால் "எந்த ஊர்?" என்று கேட்காமல் விடுவார்களா? "மன்னார் பக்கம்" என்று சொல்லித் தப்பிவிடுவார். பாவம் அந்தப் 'பக்கம்', அப்பாவையும் அம்மாவையும் சேர்த்துச் சுமந்தது.

எப்போதும் தப்ப முடியவில்லை. தேவாலயப் பங்கு மண்டபத்தில் புதிதாக வந்த ஒருத்தி, தமிழ் விளங்காது என்று நினைத்து அவர் முன்னாலேயே, "இந்த ஹெயிட்டிக்காரி என்னமாய்ப் பிட்டு அவிக்கிறா!" என்று வியந்தாள். "தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடிப் போச்சு, தங்கச்சி" என்றார் யோசெப்பின். அவள் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்தபின் போய்க் கண்ணாடியில் முடியைச் சரிபார்ப்பார்.

மொன்றியலின் புறநகர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை. இரண்டு கரண்டிகளை முதுகோடு முதுகு சேர்த்துத் தொடையில் தட்டி, அப்பாவின் பாட்டைப் பாடினால்தான் பிள்ளைகள் கரட் தின்பார்கள். அதன் சொற்களுக்குப் பொருள் அவருக்கே தெரியாது. கூட வேலை செய்யும் செலீன் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டாள். அவளுடைய அப்பா ஹெயிட்டிக்காரர். அம்மா இந்த மண்ணின் மோஹாக் பூர்வகுடி. அவளைப் போல இரண்டு வழியிலும் வந்தவர்கள் கூடிப் பாடி, மணி கோக்கும் ஓர் இடத்துக்கு யோசெப்பினை இழுத்துக்கொண்டு போனாள். போன முதல் நாளே யோசெப்பின் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "தமிழில ஒருநாளும் சொல்லாததைப் பிரெஞ்சில சொல்லிப்போட்டன், பாருங்கோ!" பிறகு அங்கேயே இருந்து, அம்மாவின் கரையை நினைத்துச் சிப்பியும் மணியும் கோத்து ஒரு மாலை செய்தார்.

இனித் தமிழில் சொல்ல வேண்டும். மார்கழியில் பங்கின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் பாடுகிறேன் என்று பெயர் கொடுத்தார். சனம் ஒதுக்கிவிட்டால் என்ன செய்வது? இந்த ஊரில் அவருக்கு இருக்கும் உறவே அந்த மண்டபம்தான்.

மாலையைப் போட்டுக்கொண்டு மேடையில் ஏறினார். "என்ர அப்பா காப்பிரி. அம்மா வேடர். இது அப்பான்ர பாட்டு." கரண்டிகளைத் தட்டிப் பாடத் தொடங்கினார். இரண்டாவது அடியில் முன்வரிசையிலிருந்து அல்போன்சம்மா கைதட்டத் தொடங்கினார். பாடகர் குழுவைக் கண்ணாலேயே அடக்கும் கண்டிப்புக்காரி. தட்டிய தாளமோ படு பிழை. அவரைப் பார்த்து மண்டபம் முழுவதும் பிழையாகவே தட்டியது. யோசெப்பினுக்கு அப்பாடா என்றிருந்தது. பாட்டுக்கு நடுவிலேயே சிரித்துவிட்டார்.

வெளியே ஈரப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் அல்போன்சம்மா பிடித்துக்கொண்டார். "ஏனடி இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சனீ? வாற வருசமும் நீதான் பாடுறாய். குடையைப் பிடி, தலை நனையப் போகுது."

யோசெப்பின் குடையை விரித்தார். "நீங்கள் பிடியுங்கோ அக்கா" என்று அதை அவர் கையில் திணித்துவிட்டு, கம்பளித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பனிக்குள் இறங்கினார்.