நல்ல மூச்சுக்காரி

அண்ணி நுரையீரல் வார்டு நர்ஸ். யார் பேசினாலும் அவர் காது சொல்லுக்கு முன்னால் மூச்சைத்தான் பிடிக்கும். போனில் நான் லேசாக இருமினால்கூட, "தம்பி, சளி கட்டியிருக்கு, ஆவி பிடி" என்பார்.

கதை முழுவதையும் பாடியே நடிக்கும் ஓப்பரா நாடகங்கள்மேல் எனக்குப் பைத்தியம். அண்ணியையும் இழுத்துவிட, ஒருத்தி பாடும் பாட்டு ஒன்றை அனுப்பினேன். "யாரையாவது அடிக்கிறாங்களா?" என்று முதலில் கேட்டவர், பிறகு துணி மடிக்கும்போதெல்லாம் அதையே ஓடவிட்டார். பாஷை புரியாவிட்டால் என்ன? "என்ன மூச்சு இவளுக்கு! எங்க வார்டுப் பக்கமே வரமாட்டா" என்று மெச்சினார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போய், டிவியில் அதன் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அதே பாட்டு. ஆனால் பாடுகிறவள் படுக்கையில் கிடந்தாள், கைக்குட்டையில் ரத்தம்.

"கதைப்படி அவளுக்குக் காசநோய், அண்ணி. இதுதான் அவளோட கடைசிப் பாட்டு."

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "நுரையீரல் போனவளா இப்படிப் பாடுறா? மூணு வார்த்தைக்குள்ள மூச்சு வாங்குமே! போப்பா, நீயும் உன் கதையும்!"

எனக்குச் சுருக்கென்றது. நிறுத்திவிடலாமென்று ரிமோட்டை எடுத்தேன்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு போயிருந்தது, கண் திரையை விட்டு நகரவில்லை.

"இருக்கட்டும் தம்பி. எங்க வார்டுல எத்தனையோ பேர் ஏதோ சொல்ல வாயெடுப்பாங்க, பாதியிலேயே போயிடுவாங்க. இவளாவது முழுசா சொல்லி முடிக்கட்டும்."