உம்பாய்ப் படகுக்கு நான் கொடுத்த பேட்டரி

யாரைப் பார்த்தாலும் இவன் எதற்கு வந்திருக்கிறான் என்று யோசிக்கிற புத்தி எனக்கு. இப்போது வயதாகிவிட்டதால் வீட்டில் சிரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலத்தில் அந்தப் புத்தியை நான் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலாக்கா டவுனில் லாரிகளுக்குப் பேட்டரி விற்று, சார்ஜும் போட்டுக் கொடுக்கிற கடையில் எனக்கு வேலை. ஆசிட் பட்டு ஓட்டை விழாத சட்டை என்னிடம் ஒன்றுகூட இருந்ததில்லை. ஒருநாள் போலீஸ்காரர்கள் வந்து முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். காட்டுக்குள் ஒளிந்து சண்டைபோடும் கம்யூனிஸ்டுகள் ரேடியோவுக்குப் பேட்டரி தேடுகிறார்களாம். தடித்த தட்டுப் பேட்டரி கேட்டு யார் வந்தாலும் அடையாளக் கார்டு எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும், சந்தேகமாக இருந்தால் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின மாதம்தான் பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்காரரை, யாருக்கோ டார்ச் பேட்டரி நிறைய விற்றார் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஐந்து வாரம் கழித்து வந்தவர் யாரோடும் பேசவில்லை. "பாத்து வில்லுடா, தப்பா வித்தா நீதான் உள்ள போவே, நான் இல்ல லா" என்றார் முதலாளி. அவர் அப்படித்தான், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார்.

இந்தத் தட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லாரிப் பேட்டரிக்குள் மெல்லிய ஈயத்தட்டுகள் நெருக்கமாக இருக்கும். எஞ்சினைக் கிளப்ப ஒரே மூச்சில் பலத்தைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துகொள்ளும். எஞ்சின் ஓட ஓட மறுபடி நிரம்பிக்கொள்ளும். அதை வைத்து மணிக்கணக்காக விளக்கு எரித்தால் கொஞ்ச நாளில் செத்துப்போகும். தடித்த தட்டுப் பேட்டரி வேறு ரகம். அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாக, விடியும்வரை கொடுக்கும். தோட்டத்துத் துரைமார் பங்களாக்களில் ரேடியோவுக்கு அதைத்தான் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். நகக்கண்ணெல்லாம் எஞ்சின் எண்ணெய்.

"தம்பி, படகுக்கு ஒரு பேட்டரி வேணும்" என்றார்.

கார்டைக் கேட்டேன். விலாசம் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். எனக்கு உடனே காது விடைத்துக்கொண்டது.

"செலண்டார்ல ஏதுண்ணே கடலு?"

அவர் சிரித்தார். தோட்டத்தில் எஞ்சின் பார்த்தவராம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு ஆள்களை அடைத்தபிறகு அங்கே இருக்கப் பிடிக்கவில்லையாம். இப்போது உம்பாய்க் கடற்கரையில் ஒரு மலாய்க்காரப் பெரியவரின் படகில் எஞ்சின் பூட்டி, இரண்டு பேருமாக மீன் பிடிக்கிறார்களாம். "கார்டுல இன்னும் விலாசம் மாத்தல தம்பி" என்று அவரே சொன்னார். அந்தக் காலத்தில் விலாசம் மாற்றாத கார்டோடு நடப்பவனைச் சாதாரண ஆள் என்று எப்படி நினைப்பது?

"எஞ்சினைக் கையாலதான் சுத்திக் கெளப்பறோம், அதுக்கு பேட்டரி வேணாம். விளக்குக்குத்தான். விடிய விடிய எரியணும். சாஞ்சாலும் ஆசிட் சிந்தக் கூடாது. கரைக்கு ஏத்தி சார்ஜுக்குக் கொண்டாரணும், அதனால ஒரு ஆள் தூக்கற கனம்தான் இருக்கணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளக்கு இல்லாத படகைப் பாத்தா ரோந்துக்காரன் சுடறான் தம்பி" என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் மனதுக்குள் காட்டோடு பொருத்திப் பார்த்தேன். படகு சாயும், சரி. மலை ஏறுகிறவன் முதுகிலும் பேட்டரி சாயத்தானே செய்யும்? ஒரு ஆள் தூக்கும் கனம், விடிய விடிய மின்சாரம், பக்கத்தில் எஞ்சின் தேவையில்லை. படகுக்குச் சரியான பேட்டரி எதுவோ, காட்டுக்குச் சரியான பேட்டரியும் அதுவே. அவர் எவ்வளவு சரியாகக் கேட்டாரோ அவ்வளவுக்கு என் சந்தேகம் ஏறியது.

நான் உள்ளே போய்ச் சின்ன லாரிப் பேட்டரி ஒன்றைத் துடைத்து எடுத்து வந்தேன். "படகுக்கு இதுதாண்ணே நல்லது" என்றேன்.

அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுதானா?"

"இதுதான்."

சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். எனக்கு என்னைப் பற்றிப் பெருமை தாங்கவில்லை. காட்டுக்காரன் என்றால் அவன் ரேடியோ சீக்கிரமே ஊமையாகிவிடும். நிஜமாகவே படகுக்காரர் என்றால் திரும்பி வருவார், மாற்றிக் கொடுத்துவிடலாம். நான் ஸ்டேஷனுக்கும் சொல்லவில்லை, யாரையும் மாட்டிவிடவில்லை.

மூன்று வாரமாகியும் அவர் வரவில்லை. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் உம்பாயிலிருந்து மீன் ஏற்றும் லாரிக்காரர் ஒருவர் சார்ஜுக்கு வந்தார். பேச்சுவாக்கில், தோட்டத்துத் தமிழர் ஒருவரும் மலாய்க்காரர் ஒருவரும் போன படகில் விளக்கு அணைந்துவிட, ரோந்துப் படகு சுட்டுவிட்டது என்றார். ஆளுக்கு ஒன்றும் இல்லை, பலகையில்தான் பட்டது. ஒழுங்கான விளக்கைக் காட்டினால்தான் படகை விடுவோம் என்று போலீஸ் கட்டிப்போட்டிருக்கிறதாம். இரண்டு குடும்பமும் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றார். ஆசிட் புனலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, தடித்த தட்டுப் பேட்டரி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழிச் சோதனையில் ஒரு போலீஸ்காரர், எதற்கு இது என்றார். படகுக்கு என்றேன். உனக்குப் படகு இருக்கிறதா என்றார். கடைச் சீட்டைக் காட்டித் தப்பிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

படகு கரையோரம் கட்டிக் கிடந்தது. பக்கப் பலகையில் இரண்டு ஓட்டையை மரக்கட்டை வைத்துத் தாரால் அடைத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"அண்ணே, அன்னிக்கு நான் கொடுத்தது லாரி பேட்டரி" என்றேன்.

"தெரியும் தம்பி. எட்டு வருஷம் எஞ்சின் பாத்தவன், தூக்கினப்பவே தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் வாங்கினீங்க?"

"வேற ஒண்ணு கேட்டிருந்தா நீங்க ஸ்டேஷனுக்குச் சொல்லியிருப்பீங்க. மூஞ்சிலயே தெரிஞ்சது. கார்டும் அப்படி. வாய மூடிட்டு வாங்கிட்டேன்."

"மாத்திக்க வந்திருக்கலாமே?"

"வந்தா மட்டும் நம்பியிருப்பீங்களா?"

கொண்டுவந்ததை நீட்டினேன். அவர் பேட்டரியை வாங்கிப் பொருத்தினார். சொல்லி அனுப்பியதும் போலீஸ்காரர் வந்து விளக்கைப் போட்டுப் பார்த்து, படகை விடச் சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மலாய்க்காரப் பெரியவர் படகுக்குள் இருந்தபடி "போலே பெர்ச்சாயா?" என்று கேட்டார். நம்பலாமா என்று. கேட்கும்போது அவர் பேட்டரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"விடியிற வரைக்கும் எரியும். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

தோட்டத்துக்காரர் பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "அப்ப ஏறி உக்காருங்க தம்பி. ரோந்துக்காரன தாண்டினதும் திருப்பிக் கொண்டாந்து விட்டுர்றேன்." கேலியாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கூப்பிட்டார்.

அந்தப் பேட்டரியின் ஒவ்வொரு செல்லையும் நானே இரண்டு தடவை சோதித்திருந்தேன். அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் ரோந்துக்காரன் துப்பாக்கியை நினைத்ததும் ஏறத் துணிவு வரவில்லை.

"கடைசி பஸ் போயிடும்ணே" என்றேன்.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஊரில் குடியிருப்பவருக்கு அது தெரியாதா? "சரி தம்பி, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. படகு மறைந்து விளக்கு மட்டும் தெரிந்தது. அது கொஞ்சமும் மங்கவில்லை. சுடும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.