நாலாவது லைன் ஒட்டகம்

போன ஞாயிற்றுக்கிழமை வைட்ஃபீல்டில் ஓர் ஒட்டகம் தண்ணீர் குடிப்பதை நின்று பார்த்தேன். ஐம்பது தாண்டிய பிறகு இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்காதீர்கள். எனக்குச் செய்திதான்.

ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, கடைசி ஸ்டேஷன்வரை உட்கார்ந்து போனால் ஸ்டெல்லாவின் மகள் ஜெனி வீடு வரும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற அடுக்குமாடி. ஸ்டெல்லா என் கூட்டாளி. ஒரே கார்மென்ட்ஸில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் வருஷக்கணக்காகத் தைத்தவர்கள் நாங்கள். இப்போது மகளோடு இருக்கிறாள். நான் மாதம் ஒருமுறை போகாவிட்டால் போனில் சண்டை பிடிப்பாள்.

அன்றைக்கு அங்கே யார் வீட்டுப் பிள்ளைக்கோ பிறந்தநாள். சவாரிக்கு ஓர் ஒட்டகத்தைக் கூட்டிவந்திருந்தார்கள். கழுத்தில் சலங்கை, முதுகில் சிவப்பு ஜமுக்காளம். பிள்ளைகள் கேக் வெட்டப் போயிருந்த நேரம். வாட்ச்மேன் ஒரு நீல வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அது தலையைத் தாழ்த்தியது, வாளி காலி. இன்னொரு வாளி வைத்தார், அதுவும் காலி. "இது நமக்குக் கட்டுப்படியாகாதும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயையே இழுத்துவந்து வாளியில் போட்டார். நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

எனக்கு ஒட்டகம் முதலில் எழுத்தாகத்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் கன்னடம். தமிழ் எழுத்து வீட்டுச் சுவரில் அப்பா ஒட்டிவைத்த படத்தாளிலிருந்து வந்தது. அதில் 'ஒ'வுக்கு ஒட்டகம். பள்ளிக்கூடத்துப் படத்திலும் 'ஒ'வுக்கு ஒண்டெ. கன்னடத்தில் ஒட்டகத்துக்கு அதுதான் பேர். காவிரித் தண்ணீரில் ஒத்துப்போகாத இரண்டு பாஷைகளும் ஒட்டகத்தில் ஒத்துப்போயிருந்தன. இரண்டு படத்திலும் மணல், ஒரு பேரீச்சமரம், தண்ணீரைக் காணோம். தண்ணீரே இல்லாமல் நாள்கணக்கில் நடக்கும், எல்லாவற்றையும் திமிலில் சேர்த்துவைத்திருக்கும் என்று டீச்சர் சொன்னார். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாய் வரும். வீட்டுக்கு ஒரு திமில் இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று நினைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒட்டகம் நிறமாக வந்தது. யஷ்வந்த்பூருக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தக் கார்மென்ட்ஸில் சேர்ந்த புதிதில், "நாளையிலேருந்து கேமல் லாட்" என்றார்கள். கேமல் என்றால் ஒட்டகம் என்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஒட்டக முடியிலோ தோலிலோ ஏதோ வரப்போகிறது, ஊசி உடையும் என்று பயந்து, மறுநாள் ஊசி பாக்கெட்டோடு போய் உட்கார்ந்தேன். வந்தது சாதாரணக் காட்டன் பேன்ட். டீயில் பால் கொஞ்சம் அதிகமாகப் போனால் வருமே, அந்த நிறம். வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த நிறத்துக்கு அதுதான் பேராம். பக்கத்து மெஷின்காரி என் ஊசி பாக்கெட்டைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவள்தான் ஸ்டெல்லா.

கோலார் தங்கவயல் பெண். அப்பா சுரங்கத்தில் இருந்தவர். சுரங்க வேலை போனதும் குடும்பமாக ஸ்ரீராம்புரத்துக்கு வந்துவிட்டார்கள். மத்தியானம் சாப்பிடுகிற இடத்தில் என் பெஞ்சுக்கு வந்து, "இன்னாடி, கொஞ்சம் தள்ளு, குந்திக்கிறேன்" என்றாள். தள்ளினேன். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். ஒரு வாரத்தில் பெஞ்சு அவளுடையது, என் டப்பாவில் இருந்த பொரியலும் அவளுடையது. எனக்கு ஓரம் மிச்சம்.

ஆனால் ஃப்ளோரில் அவளுக்கு ஒட்டகம் என்று பேர் வந்தது அதனால் இல்லை. அது டோக்கனால் வந்த பேர். மெஷின் வரிசைக்கு அங்கே லைன் என்று பேர், ஒரு லைனுக்கு ஒரு டோக்கன். கையகல மரக்கட்டை, லைன் நம்பரைப் பெயின்டில் எழுதி, சூப்பர்வைசர் மேஜைப் பக்கம் ஓர் ஆணியில் மாட்டியிருப்பார்கள். பாத்ரூம் போவதானால் அதை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். போனவள் திரும்பிவந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அதற்குள் நம் மெஷினில் துணி மலையாகச் சேரும். அடுத்த மெஷின்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சூப்பர்வைசர் "பேகா பேகா" என்று கத்துவார். சீக்கிரம், சீக்கிரம். இந்த வம்பே வேண்டாம் என்று பெண்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

காலையில் உள்ளே நுழைந்ததிலிருந்து சாயந்திரம் மணி அடிக்கிறவரை டோக்கனைத் தொடாதவளுக்கு ஒட்டகம் என்று பேர். அது திட்டு இல்லை, பட்டம். ஸ்டெல்லா நாலாவது லைன் ஒட்டகம். "ஒண்டெ நோடி கலீரி" என்பார் சூப்பர்வைசர். ஒட்டகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். என்னைப் பார்த்துத்தான் சொல்வார். எனக்குக் காலையில் ஒரு சொம்பு காபி இல்லாவிட்டால் கண்ணே தெரியாது. குடித்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு லைனில் வைத்த பேர் குழாய்.

ஸ்டெல்லாவுக்கு அந்தப் பட்டத்தில் பெருமைதான். கல்யாணமாகி முதல் தடவை உண்டானபோதும் அவள் ஒட்டகமாகவே இருந்தாள். விஷயம் தெரிந்ததும் "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்று அனுப்பினார்கள். கேட்க நன்றாக இருக்கும். வேலை போச்சு என்பதற்கு அங்கே அதுதான் பாஷை. குழந்தையும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "நீரெல்லாம் இன்ஃபெக்ஷன். நீ தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று கேட்டார்களாம். சில மாதம் கழித்து அவள் திரும்பி வந்தபோது பழைய சர்வீஸெல்லாம் கணக்கில் இல்லை, புது ஆள் என்று சேர்த்தார்கள். மெஷின் மட்டும் அதே மெஷின்.

அதற்கு அடுத்த வருஷம் ஒருநாள் காலை. இன்னும் டீ டைம்கூட ஆகவில்லை. ஸ்டெல்லா எழுந்து போய் டோக்கனை எடுத்தாள். லைன் மொத்தமும் மெஷினை நிறுத்தாமலே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. ஒட்டகம் டோக்கன் எடுத்தால் ஒரே காரணம்தான். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவள் திரும்பிவந்து உட்கார்ந்ததும் என் பக்கம் குனிந்து, "தண்ணி நெறைய குடிக்கச் சொல்லிருக்காங்கடி. இதுவும் போச்சுன்னா என்னால முடியாது" என்றாள். வேலை நிரந்தரமாக அவளுக்கு இன்னும் சில மாதம் பாக்கி. அதுவரை வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடியும் ரெஸ்ட்.

இதில் சிக்கல், டோக்கன் ஒன்றுதான். அவளுக்கு வேண்டிய நேரத்தில் அது வேறு யார் கையிலாவது இருந்தால் அவள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாம் நாளே அப்படி ஆனது. அவள் முகம் வெளுத்துப்போய் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மத்தியானம், லைனில் எங்களுக்கெல்லாம் மூத்தவளான ஷமீம் அக்கா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கை கழுவுகிற இடத்தில் கவிழ்த்துக் கொட்டினாள். கொட்டிவிட்டு எங்களைப் பார்த்தாள். "க்யா பாக்குறீங்க? அந்தக் கட்டை ஆணியிலயே தொங்கட்டும். அது தொங்குனா புள்ள நல்லா இருக்கும்." அவ்வளவுதான். மீட்டிங்கும் இல்லை, சத்தியமும் இல்லை. மறுநாளிலிருந்து நாலாவது லைனில் எல்லாரும் ஒட்டகம்.

நானும்தான். காலைக் காபியை நிறுத்தினேன். அம்மா, "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முதல் வாரம் தலைவலி, நாக்கு ஒட்டிக்கொள்ளும், தையல் கோணும். சண்டை போடவும் எச்சில் இருக்காது. பாதி நாள் ஸ்டெல்லாமேல் எரிச்சலாக இருந்தது, பொய் சொல்வானேன். அவள் என் பக்கத்திலேயே பாட்டிலைக் கவிழ்த்து மடமடவென்று குடிப்பாள். குடித்துவிட்டு, "மன்னிச்சுக்கடி" என்பாள். "வாய மூடிக்கிட்டுக் குடி" என்பேன்.

சூப்பர்வைசர் மண்டு இல்லை. அந்த மரக்கட்டையை ஒருத்தி மட்டும் எடுக்கிறாள், மற்ற யாரும் தொடுவதில்லை என்பது எத்தனை நாளுக்குத் தெரியாமல் இருக்கும்? ஒருநாள் அவள் டோக்கனை மாட்டிவிட்டுத் திரும்பும்போது வழியை மறித்து நின்றார். பேச்செல்லாம் கன்னடத்தில், தமிழில் சொல்கிறேன். "என்ன ஒட்டகமே, குழாய்கூட அடங்கிப்போச்சு, நீ ஏன் ஓடிக்கிட்டே இருக்கே? என்ன விஷயம்?" ஸ்டெல்லாவின் கை தானாக வயிற்றுப் பக்கம் போனது. எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கை ஒன்று போதும் அவருக்கு.

ஷமீம் அக்கா மெஷினை நிறுத்தினாள். "சார், நீங்க ஒட்டகத்த நேர்ல பாத்திருக்கீங்களா?"

"ஏன்?"

"எங்க அம்மா வீட்டுத் தெருவுல சவாரி ஒட்டகம் கட்டுவாங்க. அது தண்ணி குடிக்காம இருக்கறதெல்லாம் கிடைக்காததாலதான் சார். கிடைச்சா ஒரே இடத்துல நின்னு பீப்பாய் பீப்பாயா குடிக்கும். இவ இத்தனை வருஷமா குடிக்காததயெல்லாம் இப்பக் குடிக்கிறா. ஒட்டகம்னு பேர் வெச்சது நீங்கதானே?"

லைனில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும். அவரும் சிரித்துவிட்டார். ஸ்டெல்லாவின் மெஷினைப் பார்த்தார், துணி சேரவில்லை. அவள் எழுந்துபோகிற நேரமெல்லாம் அவள் பீஸை நானும் அந்தப் பக்கத்துக்காரியும் இழுத்துத் தைத்துவைத்திருப்போம். "பேகா பேகா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷனுக்கு அன்றைக்கே புரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவரும் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தவர்தான். ஆனால் அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை, பயந்து செத்தோம்.

வேலை நிரந்தரமான மறுவாரம் ஸ்டெல்லா வயிறு தெரியாமலிருக்கப் போட்டிருந்த தொளதொள கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, முறையாக லீவு கேட்டுப் போனாள். ஜெனி பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஷமீம் அக்காவோடு போனேன். கறுத்து, நீளமாக, கோபமாக ஒரு குழந்தை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷமீம் அக்கா குழந்தையின் ஈரத் துணியைத் தொட்டுப் பார்த்து, "இவ நம்ம குழாய் கட்சி" என்றாள்.

அந்தக் குழந்தைதான் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறது. போன தடவை என்னவோ அடித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் வார்த்தைகள் இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒட்டி இருக்க, நடுநடுவே ஒரு பெரிய எழுத்து. என்னடி இது என்றேன். "இப்படி எழுதறதுக்கு கேமல் கேஸ்னு பேர் ஆன்ட்டி. நடுவுல திமில் மாதிரி இருக்குல்ல?" என்றாள். இந்த ஒட்டகம் என்னை விடாது போலிருக்கிறது.

ஒட்டகம் வாளியிலிருந்து தலையைத் தூக்கியபோது ஸ்டெல்லா கீழே இறங்கி வந்திருந்தாள். முட்டிவலியோடு லிஃப்ட் பிடித்து வந்திருக்கிறாள். என் பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னா குடி குடிக்குது பாருடி. நம்மளப் போயி ஒட்டகம்னாங்களே."

"ஷமீம் அக்கா சொன்னது சரியாத்தான் இருக்கு" என்றேன்.

ஷமீம் அக்கா போய்ச் சேர்ந்து நாலைந்து வருஷமாகிறது. கார்மென்ட்ஸ் இருந்த இடத்தில் இதே மாதிரி அடுக்குமாடி ஒன்று நிற்கிறது. மெஷின்களை ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோனார்கள். அந்த மரக்கட்டை என்ன ஆயிற்றோ. அடுப்புக்குப் போயிருக்கும்.

ஜெனிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. ஸ்டெல்லா சொல்ல விடவில்லை. "அதுங்கிட்ட போயி பாத்ரூம் கதையெல்லாம் எதுக்குடி" என்பாள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஜெனி வீட்டில் மூன்று பாத்ரூம். அவள் ஆபீஸ் பை ஓரத்தில் கைக்குழந்தை அளவுக்கு ஒரு பாட்டில். மறந்துவிடாமல் தண்ணீர் குடிக்கும்படி அவள் போன் அவ்வப்போது மணி அடிக்கிறது. மணி அடித்தால் எந்த வேலையாக இருந்தாலும் எடுத்துக் குடிக்கிறாள், எழுந்து போகிறாள், வருகிறாள். யாரும் கத்துவதில்லை. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

மேலே போனதும் ஜெனி ஒரு பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "வெயில்ல நின்னுட்டிருந்தீங்களாமே ஆன்ட்டி." அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் முழுவதையும் குடித்தேன்.

"ரொம்பத் தாகமா?"

"ஆமாண்டி" என்றேன்.

டாக்டர் என்னை ஒவ்வொரு தடவையும் திட்டுகிறார், கடிகாரம் பார்த்தாவது குடியுங்கள் என்று. அப்படித்தான் குடிக்கிறேன். குழாய் என்று பேர் வாங்கியவள் நான். ஜெனி வயிற்றில் இருந்த அந்த மாதங்களுக்குப் பிறகு, எனக்குத் தாகம் எடுத்ததே இல்லை.