துணிக்கம்பத்தில் ஏறிய சிக்னல்

மலேசியாவில், கெமாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அம்மா இன்னும் களைமருந்து அடிக்கிறார். நான் ராசா டவுனில் குடியிருந்து நெட்வொர்க் வேலை பார்க்கிறவள். தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. குன்றின் உச்சிக்கு ஏறினால் கிடைக்கும். டவர் கேட்டு போன் கம்பெனிக்குப் போனால், "வீடு ரொம்பக் கம்மி, கட்டுப்படியாகாது" என்று கைவிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இடுப்புவலி கண்ட அன்று, ஆம்புலன்ஸைக் கூப்பிட அவள் புருஷன் மழையில் குன்றேறி ஓடினார். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகி, அவளைத் தோட்டத்து லாரியில் ஏற்றினார்கள்; பிள்ளை லாரியிலேயே பிறந்துவிட்டது. இனி யாரிடமும் கேட்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

சின்ன ரேடியோப் பெட்டிகள் வாங்கி வீட்டுக் கூரைகளில் கட்டினேன். ஒரு பெட்டி சொல்வதை அடுத்தது கேட்டு மறுபடி சொல்லும். போனில் தட்டிய செய்தி இப்படியே குன்றுக்குப் போய், அங்கிருந்து வெளியே போக வேண்டும். போகவில்லை. எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் கத்தி, ஒன்றின் பேச்சை ஒன்று அழித்தன. பெட்டிகள் எப்போது பேச வேண்டும் என்று சொல்லும் அல்காரிதத்தை மாற்றி எழுதினேன். கேட்டதும் சொல்லாதே, கொஞ்சம் பொறு. ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் பொறுக்க வேண்டும். அதற்குள் பக்கத்துப் பெட்டிகள் சொல்லிவிட்டால் நீ வாயை மூடிக்கொள். அன்று சாயங்காலம் அம்மா, அடுப்படியில் நின்றபடியே, ஜொகூரில் இருக்கும் தம்பிக்கு "சாப்டியா?" என்று அனுப்பினார். பதில் வந்தது. அம்மா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

மறுவாரம் தோட்டத்து மேனேஜர் வந்தார்.

"யாரைக் கேட்டு மாட்டுனீங்க? கூரை கம்பெனியோடது. கழட்டுங்க."

நான் வாய் திறக்குமுன் அம்மா முன்னால் வந்தார். "கழட்டிடுறோம் சார். துணி காயப்போடுற கம்பம் எங்களோடதுலா. அதுல மாட்டிக்கிறோம்."

"நெலமும் கம்பெனியோடதுதான்."

பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வந்தாள். "இவ லாரியில பொறந்தப்ப உங்க கம்பெனி எங்க சார் போச்சு?"

"போலீஸ்ல சொல்லுவேன்."

"சொல்லுங்க. வரட்டும், பாக்கட்டும்" என்றாள் அக்கா.

மேனேஜர் காரில் ஏறிப் போய்விட்டார். அன்றே பெட்டிகளைக் கம்பங்களுக்கு மாற்றினோம். உயரம் போதாத இடங்களில் பெண்கள் மூங்கில் வெட்டிவந்து கட்டினார்கள்.

போலீஸ் வரவில்லை. மழைக்காலத்தில் ஆறு ஏறி ரோடு மூழ்கியபோது, பிள்ளைகளைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளும்படி ஆசிரியருக்குச் செய்தி போனது அந்தக் கம்பங்கள் வழியாகத்தான். டவர் இன்றுவரை வரவில்லை. இப்போது பக்கத்துத் தோட்டத்திலும் பெட்டி கட்டித்தரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அங்கேயும் பெர்மிஷன் கேட்கப்போவதில்லை.