ஓரங்கட்டிய டாக்சி

சவ வண்டியின் ஊதல் கேட்டால் அடோமாகோ டாக்சியை ஓரங்கட்டி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். பயணி எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி. குமாசி நகரில் சிக்னலுக்கு அருகே வாழைக்காய் சுட்டு விற்கும் நான் இதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன்.

"செத்தவங்கள நிக்க வைக்கக் கூடாது தங்கச்சி" என்பார்.

ஒரு சனிக்கிழமை அவர் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்தபோது, பின்னால் வந்த பெரிய வெள்ளைக் கார் டாக்சியை இடித்தது. சின்ன அடிதான். டாக்சியின் பின்விளக்கு நொறுங்கியது, காரின் முகப்பு நசுங்கியது. கார்க்காரர் இறங்கி ஓடிவந்தார்.

"தப்பு என்னோடதுதான்ணே. போனப் பாத்துட்டேன்."

"போலீஸ் வரட்டும். அதுவரைக்கும் ரெண்டு வண்டியும் அசையக் கூடாது" என்றார் அடோமாகோ.

அப்போது ஊதல் கேட்டது. சவ வண்டியும், அதன் பின்னே துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்தியவர்கள் நிறைந்த பஸ்களும் வந்து நின்றன. வழி இல்லை. ஒரு பெண் பஸ் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"யோவ், எங்கப்பாவ வெயில்ல காயப் போடுறியா? உன் ஓட்ட டாக்சி என்ன கல்லறையா, நகராமக் கெடக்க?"

அடோமாகோ டாக்சியை ஓரங்கட்டினார், காரும் பின்னாலேயே ஒதுங்கியது. தொப்பியைக் கழற்றினார்.

போலீஸ் வந்ததும் கார்க்காரர் பேச்சை மாற்றினார். டாக்சிதான் பின்னால் உருண்டு வந்து தன் காரை இடித்தது என்றார்.

ஸ்டேஷனுக்கு நானும் போனேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பார்த்ததை மட்டும் சொன்னேன்.

"நீ வாழைக்காயப் பாத்தியா, ரோட்டப் பாத்தியா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"ரோட்டத்தாங்கய்யா."

"அப்ப அன்னிக்கு உன்கிட்ட வாங்குனவங்க எல்லாரும் கரியத் தின்னாங்கன்னு சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அடோமாகோவிடம் திரும்பினார்.

"வண்டி நின்ன இடத்துலயே இருந்திருந்தா யாரு தப்புன்னு நானே சொல்லிருப்பேன். மொதல்ல எடுத்தது யாரு?"

"நான்தான்."

"ஏன் எடுத்தே?"

"பொணம் காத்திருந்துச்சு."

நீதிமன்றத்திலும் அதையே கேட்டார்கள், அவரும் அதையே சொன்னார். தப்பு அவர்மேல் என்று தீர்ப்பானது. லைசென்ஸ் பறிபோனது. வாசலில் நான் கொடுத்த வாழைக்காய் அவர் கையிலேயே ஆறிப்போனது.

இப்போது அந்த டாக்சியை அதன் முதலாளியின் மருமகன் ஓட்டுகிறான். அடோமாகோ காலையில் வந்து எனக்குக் கரி உடைத்துத் தருகிறார்.